நான்காவது கேள்வி

என் அக்காவின் மூத்த மகனுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை. யாராவது கேட்டால் அம்மா, "பொறக்கும்போதே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அது பொய். பிறந்தபோது அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்தன. நான் பார்த்தேன். கருகருவென்று, எதையோ கேட்பது போல, என்னையே பார்த்தான். மூன்றாம் நாள்தான் கண்கள் வீங்கத் தொடங்கின.

அம்மா ஏன் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பிறவிக் குறை என்றால் கடவுளோடு முடிந்துவிடும். இல்லையென்றால் மனிதர்களிடம் வர வேண்டும். மனிதர்களிடம் வந்தால் முதலில் மச்சானிடமும், அடுத்து என்னிடமும் வர வேண்டும்.

அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்கு அந்தமான் வந்தவர். நான் பிறப்பதற்கு முன்பே பாராடாங் தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். காட்டை ஒட்டி கேம்ப், கேம்பிலிருந்து ஜெட்டிக்கு ஒரு சேற்றுப் பாதை, ஜெட்டிக்குக் கீழே உப்பங்கழி. யானைகள் இழுத்து வந்த மரங்கள் அங்கே அடுக்கிக் கிடக்கும். கேம்பில் வங்காளிகள் இருந்தார்கள், ராஞ்சிக்காரர்கள் இருந்தார்கள், தெலுங்கர்களும் மலையாளிகளும் இருந்தார்கள். தமிழ்க் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு. எல்லோரும் எல்லோரிடமும் ஹிந்தியில் பேசினார்கள். அதாவது ஆண்கள் பேசினார்கள். எங்கள் பெண்கள் கடைக்குப் போனால் விரலைக் காட்டி வாங்கினார்கள்.

எங்கள் வீட்டில் ஒருத்தியைத்தான் படிக்க அனுப்ப முடிந்தது. அம்மா நர்சரியில் தேக்கங்கன்றுக்கு மண் நிரப்பப் போனாள். அடுப்பை அக்கா பார்த்துக்கொண்டாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். அவள் கை வேலைக்கு ஆகிவிட்டது, என் கை இன்னும் ஆகவில்லை, அதனால் நான் போர்ட் பிளேயருக்கு ஹாஸ்டலுக்குப் போனேன். காரணம் அவ்வளவுதான். நான் அவளைவிடக் கெட்டிக்காரி என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் கேம்பே என்னைத் தேடி வரும். கடிதம் எழுத, மனு எழுத, ஆபீஸ் சுவரில் ஒட்டிய ஹிந்தி நோட்டீசைப் படித்துச் சொல்ல. நான் இப்போது இங்கேயே ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் ஆட்களில் முதல் டீச்சர் நான்தான். அதைச் சொல்லும்போது எனக்கு இன்னமும் நெஞ்சு நிமிர்கிறது. அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் ஊர் வந்திருந்த சமயம் அது. அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். நான்கு மாதம் முழுகாமல் இருந்தாள். மச்சான் போர்ட் பிளேயர் போய் வரும் லாஞ்சில் கலாசி, கயிறு பிடிக்கிற வேலை. மாதத்தில் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே. வாசனை எண்ணெய் தேய்த்து, வகிடெடுத்துச் சீவி, ஜெட்டியில் இறங்கும்போதே சிரித்துக்கொண்டு இறங்குவார். "என்ன டீச்சரம்மா, எனக்கும் ரெண்டு எழுத்து சொல்லிக் குடுக்கிறது" என்பார். நான் அப்போது டீச்சர் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது.

ஓடையில் துணி துவைக்கும்போதுதான் அக்கா சொன்னாள். அவள் தன் உள்பாவாடைகளைத் தனியாக ஒரு கல்லில், எனக்கு முதுகு காட்டி, துவைத்துக்கொண்டிருந்தாள். அவற்றை வெயிலில் போடவும் மாட்டாள். சேலைக்கு அடியில் மறைத்துப் போடுவாள். அந்தத் தீவின் மழையில் அது மூன்று நாளானாலும் காயாது. ஈரத்தோடு எடுத்துக் கட்டிக்கொள்வாள். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சேலைக்கு அடியில் என்ன காய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் யார் கண்ணிலும் படக்கூடாது.

"ஏன்க்கா தனியாத் துவைக்கிற?"

"கறை போகமாட்டேங்குது."

"என்ன கறை?"

அவள் துணியைக் கல்லில் இரண்டு அடி அடித்தாள்.

"வெள்ளை படுதுடி. வெள்ளைன்னா வெள்ளை இல்ல, மஞ்சளா. ஒண்ணுக்குப் போனா தீ வச்ச மாதிரி எரியுது. ரெண்டு மாசமாச்சு."

"அம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். சூடுங்குது. வெந்தயம் ஊற வச்சுக் குடுத்துச்சு, எளநி குடுத்துச்சு. படிகாரத்தைக் கரைச்சுக் கழுவச் சொல்லுச்சு. கழுவுனா இன்னும் காந்துது."

கேம்பில் கம்பவுண்டர் ஒருவர் இருந்தார். தமிழர்தான். சாயங்காலம் மச்சானோடு உட்கார்ந்து சீட்டு ஆடுவார். அவரிடம் போய் இதைச் சொல்வதற்குப் பதில் அக்கா உப்பங்கழியில் முதலை வாயில் காலை வைப்பாள். மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரி போட் வரும். அதில் ஒரு சிஸ்டர் உண்டு, பெண். அக்கா நம்பியிருந்தது அவளைத்தான். ஆனால் அந்த சிஸ்டர் ராஞ்சிப் பக்கம். ஹிந்தி தவிர வேறு வராது.

"நீ இருக்கியே, நீ சொல்லிரு" என்றாள் அக்கா. "எனக்கு அந்த நர்சம்மாகிட்ட என்னன்னு சொல்றதுன்னு தெரியல. நீ சொல்லிட்டீன்னா மருந்து குடுப்பாக. உள்ள இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாதுடி. அதான் பயமா இருக்கு."

சரி என்றேன். பெரிய மனுஷி மாதிரி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

போட் வந்த நாள் மழை இல்லை. முன்பெல்லாம் சிஸ்டர் போட்டுக்குள்ளேயே கர்ப்பிணிகளைப் பார்ப்பாளாம். பலகையில் ஏறும்போது ஒருத்தி வழுக்கி விழப் பார்த்ததிலிருந்து மேஜையைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மரம் அடுக்கும் ஷெட்டின் கீழே மேஜை. அதன் பின்னால் போர்வை கட்டிய மறைப்பு. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது மறைப்புக்குள்ளே. கேள்வி கேட்பது மேஜையில், திறந்த வெளியில். பத்தடி தள்ளி ஆட்கள் மரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

என் கையெழுத்தைப் பார்த்ததும் சிஸ்டருக்குப் பிடித்துவிட்டது. தமிழ்ப் பெண்களின் கார்டை நீயே எழுது என்று பேனாவைக் கொடுத்தாள். அவள் ஹிந்தியில் கேட்பாள், நான் தமிழில் கேட்டு, பதிலை அவளுக்குச் சொல்லி, கார்டில் ஆங்கிலத்தில் எழுதுவேன். அன்றைக்கு என் நடையே வேறாக இருந்தது. அப்பா ஷெட் தூணருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்விகள் வரிசையாக அச்சடித்திருந்தன. எத்தனையாவது பிள்ளை, கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது, கை கால் வீக்கம் உண்டா. நான்காவது, வெள்ளை படுகிறதா, நீர் போகும்போது எரிச்சல் உண்டா.

முதலில் வந்த பெண்ணிடம் நான் நான்காவது கேள்வியைக் கேட்டேன். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். "அய்யே, இதையெல்லாமா கேப்பாக?" என்றாள், நான் பேசியதைவிட உரக்க. மரம் ஏற்றிக்கொண்டிருந்த தமிழ் ஆள் ஒருவன் திரும்பினான்.

"அந்தப் புள்ள என்னப்பா கேக்குது? எங்களையும் கேக்கச் சொல்லு, நாங்களும் பதில் சொல்றோம்!"

"போர்ட் பிளேர் படிப்புடா. இதான் பாடம் போல" என்றான் இன்னொருவன்.

சிரித்தார்கள். அப்பா தூணருகே இல்லை. எப்போது போனார் என்று நான் பார்க்கவில்லை.

என் காது சுட்டது. அடுத்தவள் வந்து உட்கார்ந்தாள். மூன்று கேள்விகளைக் கேட்டேன். சிஸ்டர் நான்காவதைக் கேட்டபோது, நான் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே இல்லை. "நஹீன், சிஸ்டர்" என்றேன். கார்டில் நோ என்று எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை. அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

மூன்றாவதாக அக்கா உட்கார்ந்தாள். குளித்துப் பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். முதல் மூன்று கேள்விகளுக்கும் என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். அடுத்து வரப்போவது அவளுக்குத் தெரியும். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

"சஃபேத் பானி ஆதா ஹை? ஜலன்?" என்று கேட்டாள் சிஸ்டர்.

ஆட்கள் ஒரு மரத்தை ஏற்றி முடித்து, அடுத்ததற்கு முன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். அமைதியாக இருந்தது. மச்சானின் கூட்டாளி ஒருவனும் அங்கே நின்றான்.

"நஹீன்" என்றேன்.

சிஸ்டர் அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "பக்கா?" என்று மறுபடி கேட்டாள்.

"பக்கா, சிஸ்டர்."

நஹீன் என்றால் என்னவென்று அக்காவுக்குத் தெரியும். இந்தத் தீவுக்கு வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் ஹிந்திச் சொல் அதுதான். கடையில் அரிசி நஹீன், ஆபீசில் லீவு நஹீன், ஜெட்டியில் லாஞ்ச் நஹீன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து மறைப்புக்குள் போனாள். நான் அழகான சாய்வெழுத்தில் நோ என்று எழுதினேன். மை உலர ஊதினேன்.

திரும்பும் வழியில் சேற்றில் போட்டிருந்த மரத்துண்டுகள் மேல் அவள் முன்னால் நடந்தாள்.

"ஆம்பளைக நின்னாகக்கா. மச்சான் கூட்டாளி நின்னாரு" என்றேன்.

"எனக்கும்தான் நின்னாக."

"அடுத்த மாசம் தனியா நிக்கும்போது சொல்லிர்றேன்."

அவள் நின்று திரும்பினாள். "ஒடம்பு என்னோடது. வெக்கம் மட்டும் ஒனக்காக்கும்?"

அவள் கோபம் அவ்வளவுதான். கத்தியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி மறந்திருப்பேன்.

அடுத்த மாதம் போட் வரவில்லை. கடல் கொந்தளிப்பு. அதற்குள் நானே வழி கண்டுபிடித்திருந்தேன். பள்ளிக்கூடத்து சுகாதாரப் புத்தகத்தில் கிருமிநாசினி என்று ஒரு பாடம் உண்டு. கேம்ப் கிணற்றில் மாதம் ஒருமுறை கத்தரிப்பூ நிறப் பொடி போடுவார்கள். எல்லோரும் அதை லால் தவா, சிவப்பு மருந்து, என்பார்கள். கிணற்று நீரின் கிருமியைக் கொல்வது உடம்பின் கிருமியையும் கொல்லும் என்று எனக்குத் தோன்றியது. கீரை கழுவ வேண்டும் என்று சொல்லி, பொடி போடுகிற ஆளிடம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அக்காவிடம் வகுப்பெடுக்கிற குரலில் சொன்னேன். "படிகாரமெல்லாம் பழைய காலத்து வைத்தியம். இது சைன்ஸ்."

முதல் நாள் எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கருநீலமாகக் கரைத்துவிட்டேன். அக்கா தட்டிக்குப் பின்னால் துணியைக் கடித்துக்கொண்டு அழுதாள். தோல் வெந்துபோனது. இரண்டு நாள் நடக்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் தேங்காயெண்ணெய் தடவினேன். பிறகு ரோஜா நிறத்தில் கரைக்கக் கற்றுக்கொண்டேன். வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் ஊற்றிக் கழுவச் சொன்னேன். பத்து, பதினைந்து நாளில் படுவது குறைந்தது. எரிச்சலும் குறைந்தது.

"கேக்குதுடி" என்றாள் அக்கா. வெகுநாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "படிச்சவ கையில்ல."

அந்தச் சொல்லை நான் எவ்வளவு நாள் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன் என்பதை எழுதக் கூசுகிறது. அதன்பின் போட் வந்தது. மறுபடியும் அதே மேஜை. நான் அக்காவிடம் கேட்டேன், சொல்லவா என்று. "இப்பத்தான் ஒண்ணும் இல்லையே, எதுக்கு?" என்றாள். சிஸ்டர் கார்டை எடுத்தாள். நான்காவது இடத்தில் ஏற்கனவே நோ இருந்தது. அவள் கேட்கவே இல்லை. அடுத்ததற்குப் போய்விட்டாள்.

பிரசவம் கேம்பிலேயே ஆனது. பிள்ளை பிடிக்கும் தெலுங்கு அம்மா ஒருத்தி இருந்தாள், கைராசிக்காரி என்று பேர். காலையில் வலி எடுத்து மத்தியானச் சங்கு ஊதும்போது பிறந்துவிட்டான். நல்ல எடை. மச்சான் லாஞ்சிலிருந்து வந்து ஜெட்டியிலேயே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார். நான் குழந்தையை மடியில் வைத்து அவன் கண்ணைப் பார்த்தேன். முதலிலேயே சொன்னேனே, அந்தக் கண்ணை.

மூன்றாம் நாள் காலை இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அம்மா வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒட்டின. "பீளை கட்டியிருக்கு, எல்லாப் புள்ளைக்கும் வாறதுதான்" என்றாள். தாய்ப்பாலைப் பீய்ச்சி இரண்டு கண்ணிலும் விட்டார்கள். மறுநாள் இமைகள் இரண்டும் நாவற்பழம் போல வீங்கிவிட்டன. அழுத்தினால் மஞ்சளாகச் சீழ் பீறிட்டு வந்தது.

அந்த மஞ்சளை அக்காவுக்குத் தெரியும். துணியில் ஒற்றி எடுத்துப் பார்த்தாள். என்னிடம் நீட்டினாள்.

"இதே நெறம்டி" என்றாள்.

நான் அந்தத் துணியை வாங்கவில்லை.

கம்பவுண்டர் வந்து பார்த்துவிட்டு, என்னால் ஆகாது, போர்ட் பிளேயர் கொண்டுபோ என்றார். லாஞ்ச் முந்தைய நாள்தான் போயிருந்தது. மச்சானும் அதிலேயே போய்விட்டார். அடுத்த லாஞ்சுக்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் நாங்கள் மணிக்கொரு முறை துடைத்தோம். துடைக்கத் துடைக்க வந்தது. ஒரு குழந்தையின் முகத்தில் அவ்வளவு சீழுக்கு இடம் எங்கே இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். அவன் அழும்போது கண்ணீர் வரவில்லை, அதுதான் வந்தது. அம்மா முதல் முறையாக வைத்தியம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். பார்த்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. குழந்தைக்கு ஊசி போட்டார்கள். உப்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். அக்காவுக்கும் ஊசி. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். இங்கே சுவர் இருந்தது, கதவு இருந்தது, ஒரு ஆண் கூட இல்லை. நான் ஒவ்வொன்றையும் அக்காவிடம் கேட்டேன். ஒவ்வொன்றையும் சரியாகச் சொன்னேன். வெள்ளை, மஞ்சள், எரிச்சல், எத்தனை மாதமாக, என்ன போட்டுக் கழுவினாள், எல்லாம். லால் தவாவை உள்ளே ஊற்றியதைச் சொன்னபோது டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நோய் உள்ளே எட்டாத இடத்தில் இருந்தது, நீங்கள் வாசலைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள் என்றார். கர்ப்பிணிக்கு அப்படி ஊற்றிக் கழுவவே கூடாது, உயிரோடு பிள்ளை பிறந்ததே அதிர்ஷ்டம் என்றார். இது பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்கு வந்தது. தாய்க்குப் புருஷனிடமிருந்து வந்தது. இதையும் நான்தான் தமிழில் அக்காவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அக்கா தலையை ஆட்டினாள். ஆச்சரியப்படவில்லை.

கார்டு இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இருந்தது. அக்கா அதை ஒரு பிஸ்கட் டின்னில், பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மழை படாமல் வைத்திருந்தாள். தங்கச்சி எழுதியது என்று கேம்பில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறாள். டாக்டர் அதைப் பிரித்துப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது.

அந்த போட்டில் கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து இருக்கிறது என்றார். நான்காவது கேள்விக்கு ஆமாம் என்று சொன்ன பெண்களுக்கு சிஸ்டர் அங்கேயே ஊசி போடுவாள், பிரசவத்துக்கு இங்கே வரச் சொல்லி எழுதுவாள். பிறந்தவுடன் கண்ணுக்கு ஒரு சொட்டு. அவ்வளவுதான் வேலை. கேட்கிற கேள்வியைக் கேட்டுத்தானே இருக்கிறார்கள், பிறகு ஏன் இப்படி எழுதியிருக்கிறது?

நான் மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து மடித்தேன்.

"யார் எழுதியது இது?" என்றார். பிறகு, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்றுவரை மறக்கவில்லை.

மச்சான் ஜெட்டியிலிருந்து நேராக வந்தார். டாக்டர் அவரையும் விசாரித்தார். எனக்கு அங்கே வேலை இல்லை, மச்சானுக்கு ஹிந்தி தெரியும். ஆனால் நான் அங்கேயே நின்றேன், கேட்டேன். ஹாங், இருந்தது என்றார் மச்சான். இங்கேயே பஜாரில் ஒரு டாக்டரிடம் காட்டி மூன்று ஊசி போட்டுக்கொண்டேன், சரியாகிவிட்டது என்றார். எப்போது? ஆறேழு மாதம் இருக்கும் என்றார். அதாவது அக்கா ஓடையில் முதுகு காட்டித் துவைத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் குணமாகியிருந்தார். ஜலதோஷம் வந்து போனதைச் சொல்வது போலச் சொன்னார். குரல் தாழவில்லை. வராந்தாவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், அவர்களைத் திரும்பிப் பார்க்கவுமில்லை. எந்தச் சொல்லைச் சொல்லக் கூசி நான் ஒரு கண்ணைப் பறிகொடுத்தேனோ அந்தச் சொல்லை அவர் பல்லில் குச்சியோடு சொன்னார்.

"வீட்ல சொல்லலியா மச்சான்?" என்று கேட்டேன்.

"எனக்குத்தான் சரியாப் போச்சே" என்றார்.

வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணில் கருவிழி வெந்து, மேலே பாலாடை படிந்தது போல வெள்ளை விழுந்துவிட்டது. அதற்கு மருந்து இல்லை என்றார்கள். ஒரு மாதம் அக்கா அங்கேயே இருந்தாள். அந்த ஒரு மாதத்தில் பக்கத்துக் கட்டில் பெண்களிடமும் ஆயாக்களிடமும் பேசிப் பேசி அவளுக்குக் கொஞ்சம் ஹிந்தி வந்துவிட்டது. நான் போய்ப் பார்க்கும்போது எனக்குக் காட்ட மாட்டாள். நான் வந்ததும் தமிழுக்கு மாறிவிடுவாள்.

அவள் என்னைத் திட்டினதே இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, எனக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்த அன்று, வீடெல்லாம் சந்தோஷமாக இருந்தபோது, பையனை என் மடியில் உட்கார வைத்தாள். அவனுக்கு இரண்டு வயது. என் முகத்தைப் பார்க்க அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். அப்படித்தான் எல்லாவற்றையும் பார்ப்பான்.

"ஒழுங்காப் படிக்க வையி இவனை" என்றாள் அக்கா. "ஒரு கண்ணுதான்னாலும் படிக்கலாம்ல?"

போன வருடம் அவள் இரண்டாம் முறை உண்டானாள். அதற்கு முன்பே மச்சானைக் கையோடு போர்ட் பிளேயர் கூட்டிப்போய், இருவரும் பரிசோதனை செய்துகொண்ட பிறகுதான் அவரை வீட்டுக்குள் சேர்த்தாள் என்று அம்மா முணுமுணுத்தாள். "பொம்பளையா இவ?" என்றாள் அம்மா. அக்கா கேட்டும் கேட்காதது போல இருந்தாள்.

ஆஸ்பத்திரி போட் வந்த அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஜெட்டிக்குப் போனேன். அக்கா என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். அதே ஷெட், அதே போர்வை மறைப்பு, பத்தடி தள்ளி மரம் ஏற்றும் ஆட்கள். சிஸ்டரும் அதே சிஸ்டர்தான், கொஞ்சம் தலை நரைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு பக்கத்தில் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். டீச்சர் என்று இப்போது அவளும் கூப்பிட்டாள். உட்கார்ந்தேன். பையில் பேனா கொண்டுவந்திருந்தேன்.

அக்கா பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். மூன்று கேள்விகளுக்கும் அவளே சிஸ்டரிடம் பதில் சொன்னாள். உடைந்த ஹிந்தி. பால் தவறும், வேற்றுமை தவறும். ஒரு டீச்சருக்குக் காது கூசும். சிஸ்டருக்கு எல்லாம் புரிந்தது.

நான்காவது கேள்விக்கு சிஸ்டர், பழக்கத்தில், என் பக்கம் திரும்பினாள்.

"ஹம்கோ பூச்சோ" என்றாள் அக்கா. என்னைக் கேள்.

சத்தமாகத்தான் சொன்னாள். மரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் கேட்டாள். அக்கா, இப்போது இல்லை, முன்பு இருந்தது, மஞ்சளாக, எரிச்சலோடு இருந்தது என்று, ஒவ்வொரு சொல்லாக, அந்த ஷெட் முழுவதும் கேட்கும்படி சொன்னாள். பிறகு பையனின் முகத்தை சிஸ்டர் பக்கம் திருப்பினாள்.

"உஸ்ஸே இஸ்கா ஆங்க் கயா" என்றாள். அதனால் இவன் கண் போனது.

யாரோ ஒருவன் சிரிக்க ஆரம்பித்தான். பக்கத்தில் இருந்தவன் அவனை அடக்கியது கேட்டது.

சிஸ்டர் புதிய கார்டு ஒன்றை எடுத்தாள். எழுதட்டும் என்று என் பக்கம் தள்ளினாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். அக்கா கையை நீட்டி அந்தக் கார்டை எடுத்து, திரும்ப சிஸ்டரின் முன்னால் வைத்தாள்.

"ஆப் லிக்கோ, சிஸ்டர்" என்றாள். "நீங்களே எழுதுங்க."

இரண்டாவதைத் தமிழில் சொன்னாள். அது சிஸ்டருக்குப் புரியாது. எனக்குச் சொன்னது அது.